கடலில்லாத ஊரில் ஒரு கொண்டை ஊசி

கடலே இல்லாத ஊரில் இருந்துகொண்டு, கடலோரப் பந்தயச் சாலை ஒன்றைக் காலையும் மாலையும் தவறாமல் நடத்திய மனிதர் இந்த உலகத்தில் ஒருவர்தான். அவர் எங்கள் கம்பெனி பஸ்ஸில், டிரைவருக்குப் பின்னால் ஜன்னலோர சீட்டில் உட்கார்ந்து வந்தார். பெயர் கொண்டை ஊசி.

தலையில் பெயருக்கு ஒரு முடி கிடையாது. உச்சியில் எலுமிச்சம்பழம் வைத்தால் வழுக்கிக்கொண்டு போய்விடும். அந்தத் தலைக்குப் போய் இந்தப் பெயரை வைத்தது எங்கள் கேன்டீன் கும்பல். சாலை முன்னே போன வழியிலேயே திரும்பி வருகிற மாதிரி வளைகிறது பாருங்கள், அந்தக் கொண்டை ஊசி வளைவைப் பற்றி மனிதர் சாப்பாட்டு நேரம் முழுவதும் பேசித் தீர்த்தார். மறுநாள் முதல் அதுதான் பெயர். நிஜப்பெயர் நீளமானது. அதில் இரண்டு புனிதர்களும் ஒரு தாத்தாவும் இருந்தார்கள். அதைச் சொல்லி முடிப்பதற்குள் டீ ஆறிவிடும் என்பதால் யாரும் சொல்வதில்லை. பட்டப்பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் அவர் திரும்பமாட்டார். காது கேளாதவர் போலப் போய்க்கொண்டே இருப்பார்.

எங்கள் தொழிற்சாலை ஹைதராபாத்தில் ராமச்சந்திராபுரம் தாண்டி இருக்கிறது. பெரிய பெரிய இரும்புக் கொதிகலன்கள் செய்கிற இடம். நான் அங்கே பர்ச்சேஸில், அவர் தரப் பரிசோதனையில். இரண்டு பேரும் செகந்திராபாத். கம்பெனி பஸ் ஊரின் ஒரு கோடியில் எங்களை அள்ளிக்கொண்டு மறு கோடியில் கொட்டும். நடுவில் அத்தனை டிராஃபிக்கும் எங்கள் தலையில்தான் விடியும்.

அவருடைய கொள்ளுத்தாத்தா ரயில்வே வேலைக்காகத் தூத்துக்குடியிலிருந்து வந்தவர். கடலை விட்டு வந்து மூன்று தலைமுறை ஆகியும் பேச்சில் மட்டும் தூத்துக்குடி அப்படியே இருந்தது, நடுநடுவே வேண்டாம் என்பதற்கு ‘நக்கோ’, ஆமாம் என்பதற்கு ‘ஹவ்’ என்று ஹைதராபாத்தும் கலந்து. இளவயதில் ஆபிட்ஸ் ஞாயிற்றுக்கிழமைப் பழைய புத்தகக் கடையில் வெளிநாட்டு மோட்டார் பத்திரிகை ஒன்று கையில் சிக்கியிருக்கிறது. அதில் ஐரோப்பாவின் வடகடல் ஓரத்தில் இருக்கிற ஒரு பந்தயச் சாலையைப் பற்றிப் பக்கம் பக்கமாகப் போட்டிருந்தார்களாம். அவ்வளவுதான், ஆள் காலி. அந்த ஊரின் பெயரைச் சொன்னால் நமக்கு நாக்கு சுளுக்கும். அவர் ‘நம்ம சர்க்யூட்’ என்பார், பிறந்த வீட்டைச் சொல்கிற மாதிரி.

“உலகச் சண்டை நடந்த காலத்துல அந்த ஊரு வீடெல்லாம் இடிச்சுப் போட்டானுவ தங்கச்சி. இடிஞ்ச கல்லக் கொட்டித்தான் மணல்மேட்டுக்கு நடுவுல ரோடு போட்டது. சண்டை முடிஞ்சதும் பாத்தானுவ, ரோடு நல்லாத்தான வளையுது, கார விடுவோம்னு விட்டானுவ.”

அவருக்கு நான் தங்கச்சி. வீட்டில் என் சொந்த அண்ணன்கூட என்னிடம் இவ்வளவு பேசியதில்லை.

“காத்து அடிச்சா கடக்கர மணலெல்லாம் ரோட்டுல வந்து படுத்துக்கிடும். போன ரவுண்டுல புடிச்ச டயரு இந்த ரவுண்டுல புடிக்காது. அதான் அதோட குணம். டிரைவருக்குக் கடலோட மூடு தெரியணும்.”

அக்கம்பக்கத்தார் சத்தம் தாங்கவில்லை என்று புகார் செய்தது, சாலையில் ஒரு பகுதியை வெட்டி விடுமுறை பங்களா கட்டியது, பெரிய பந்தயம் அந்த ஊரைவிட்டே போய்ப் பல காலம் கழித்துத் திரும்பி வந்தது எல்லாம் எங்கள் பஸ்ஸில் சின்னப்பிள்ளைக்கும் தெரியும். பங்களா கட்டிய கதையைச் சொல்லும்போது மட்டும் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்வார். பங்காளிகள் அவர் சொத்தை ஏமாற்றி எழுதி வாங்கினால்கூட அவ்வளவு வருத்தப்பட்டிருக்க மாட்டார்.

பஸ்ஸிலும் சும்மா இருக்கமாட்டார். வளைவு வருவதற்கு முன்னால் எழுந்து நின்று, “இடப்பக்கம், எல்லாரும் இடப்பக்கம் சாயுங்க” என்பார். பஸ் முழுக்க ஆபீசர்கள், வெல்டர்கள், ஸ்டெனோக்கள். முதலில் சிரித்தார்கள், பிறகு திட்டினார்கள், கடைசியில் சாய்ந்தார்கள். தூக்கத்தில்கூடச் சாய்ந்தார்கள். அக்கவுன்ட்ஸ் மூர்த்தி மட்டும் ஒருநாள் வலப்பக்கம் சாய்ந்துவிட்டார். சாம்பார் டப்பா கவிழ்ந்து பக்கத்து சீட்டு ஸ்டெனோவின் புடவை பாழ். அதற்கும் நம்மவர் மூர்த்தியைத்தான் கண்டித்தார்.

ஏரிக்கரையில் டேங்க் பண்ட் வந்தால் ஜன்னலைத் திறப்பார். மொத்த பஸ்ஸும் மூக்கைப் பொத்திக்கொள்ளும். ஹுசைன் சாகர் கோடையில் என்ன வாசனை அடிக்கும் என்று ஊருக்கே தெரியும். இவர் மட்டும் நெஞ்சு நிறைய இழுத்து, “உப்புக் காத்து” என்பார். டிரைவர் யாதகிரி கண்ணாடியில் பார்த்துத் தலையில் அடித்துக்கொள்வார்.

இப்படிப்பட்ட ஆள் வண்டி ஓட்டினால் எப்படி ஓட்டுவார் என்று நினைக்கிறீர்கள்? ஸ்கூட்டர் வைத்திருந்தார். நடந்து போகிறவர்கள் ஹார்ன் அடிக்காத குறை. வளைவில் சரியான கோட்டைப் பிடிக்க வேண்டுமாம், அவசரப்பட்டால் கோடு கெட்டுவிடுமாம். அவர் மனைவி ரோஸி அக்கா ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்கு அவர் பின்னால் உட்கார்ந்து கிளம்புவார். வழியில் இறங்கி நடந்தே போய் முன் வரிசையில் இடம் பிடித்துவிடுவார். பூசை பாதியில் இவர் ஹெல்மெட்டோடு உள்ளே வருவார்.

ஒருமுறை சீராலா கடற்கரைக்குக் குடும்பத்தோடு போனவர் திரும்பும்போது ஒரு கோணிப்பை நிறையக் கடல் மணல் கொண்டுவந்தார். எதற்கு என்று ரயிலில் எல்லோரும் கேட்டிருக்கிறார்கள். பதில் சொல்லவில்லை. திங்கட்கிழமை காலை எங்கள் தொழிற்சாலைக்குள், கேட்டிலிருந்து இரும்பு அடிக்கிற ஃபோர்ஜ் ஷாப்புக்குப் போகிற வழியில் இருக்கிற வளைவில் அந்த மணலைத் தூவினார். “இப்பதான் ரோட்டுக்கு ஒரு குணம் வந்துருக்கு” என்று இடுப்பில் கைவைத்துப் பார்த்துக்கொண்டிருந்தபோது செக்யூரிட்டி வந்து கூட்டித் தள்ளிவிட்டான். மறுநாளும் தூவினார், மறுநாளும் கூட்டினான். மணல் தீர்ந்தது, விட்டார்.

சில வருஷங்களுக்கு முன் ஹுசைன் சாகர் ஓரத்து ரோட்டையே அடைத்து மின்சாரக் கார்களை வைத்து ஒரு பந்தயம் நடந்தது ஞாபகம் இருக்கிறதா? அன்றைக்கு எங்கள் கொண்டை ஊசி மாப்பிள்ளை மாதிரி கிளம்பினார். ‘நம்ம சர்க்யூட்’டில் ஜனங்கள் ஆரஞ்சுச் சட்டைதான் போடுவார்களாம். இவரும் ஆரஞ்சுச் சட்டை, ஆரஞ்சு பேன்ட், கழுத்தில் ஆரஞ்சுத் துண்டு. போதாததற்கு அது அனுமார் பக்தர்கள் மாலை போட்டு ஆரஞ்சு உடுத்துகிற சமயம். ஆட்டோக்காரர் இவரைப் பார்த்ததும் இறங்கி, “சுவாமி, எக்கண்டி” என்று கும்பிட்டு ஏற்றிக்கொண்டாராம். வழியில் இவர் காலைப் பார்த்திருக்கிறார். விரதக்காரர் செருப்புப் போடலாமா?

“சுவாமி, செப்புலு?” என்று வருத்தமாகக் கேட்டாராம்.

பரம்பரைக் கத்தோலிக்கர் என்ன செய்வார்? அந்த மனிதர் மனம் புண்படக்கூடாது என்று ஷூவைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, வெறுங்காலோடு பந்தயம் பார்க்கப் போய்ச் சேர்ந்தார். திங்கட்கிழமை பஸ்ஸில் நொண்டியபடி ஏறினார்.

“எப்படி சார் இருந்துச்சு?” என்றேன்.

“வளைவெல்லாம் நல்லாத்தான் இருக்கு தங்கச்சி. தண்ணியும் பக்கத்துல இருக்கு. ஆனா மணல் இல்லியே” என்றார்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். அவர் உயிர் எதில் இருந்தது என்றால், அந்த வடகடல் சாலையின் முதல் வளைவில் இருந்தது. அந்த இடத்தில் ஒரு ஆள் காய்கறித் தோட்டம் வைத்திருந்தானாம். ஊரில் அவனுக்கு ஒரு பட்டப்பெயர் உண்டாம். ரோட்டுக்கு இடம் வேண்டும், தோட்டத்தைக் கொடு என்று கேட்டிருக்கிறார்கள். தருகிறேன், வளைவுக்கு என் பெயரை வைக்க வேண்டும் என்றானாம். வைத்தார்கள். கர்ணபரம்பரைக் கதையோ நிஜமோ, யாருக்குத் தெரியும்? நம்மவருக்கு அது வேதவாக்கு.

“உலகத்துலயே பெரிய டிரைவருங்க இன்னைக்கும் அவன் பேரச் சொல்லித்தான் பிரேக்கு புடிக்கான்” என்பார்.

ரிட்டயர் ஆவதற்குள் ஒரே ஒரு வளைவுக்குத் தன் பெயர் வர வேண்டும். அதுதான் ஆசை. எங்கள் பஸ்ஸில் ஸ்டாப்புகளுக்கெல்லாம் ஆள் பெயர்தான். ராவ் காரு பாயிண்ட், லட்சுமி மேடம் பாயிண்ட் என்று. ராவ் காரு ரிட்டயராகி அமெரிக்கா போய்விட்டார், பாயிண்ட் மட்டும் அங்கேயே நிற்கிறது. உங்கள் ஸ்டாப்புக்கு உங்கள் பெயரை வைக்கச் சொல்கிறேன் என்றேன்.

“நக்கோ தங்கச்சி. ஸ்டாப்புல சும்மா நிக்கிறவனுக்கெல்லாம் பேரு வைக்கான். வளைவுன்னாத்தான் மரியாத.”

அதற்காக அவர் செய்த காரியம் இருக்கிறதே, அதை வேறு எந்தப் பைத்தியக்காரனும் செய்திருக்க மாட்டான். மணல் தூவினாரே, அதே வளைவின் ஓரத்தில் காலியாகக் கிடந்த கம்பெனி இடத்தில் காய்கறித் தோட்டம் போட்டார். கத்தரி, வெண்டை, கோங்குராக் கீரை. சமைக்கவா? இல்லை. என்றைக்காவது ஒருநாள் ரோட்டை அகலப்படுத்த வேண்டும் என்று கம்பெனி வந்து அந்த இடத்தைக் கேட்கும், அப்போது இவர் நிபந்தனை போடுவார். அதற்காகத்தான். இடமே கம்பெனியுடையது சார், கேட்கவே மாட்டார்கள் என்றேன். “வெளியில மூச்சு விட்டுறாத. வேணும்னுதான் போட்டேன்னு தெரிஞ்சா பேரம் படியாது” என்று என்னிடம் பைபிள் மேல் சத்தியம் வாங்கிக்கொண்டார். நான் இந்து. பரவாயில்லை என்றார்.

வருஷங்கள் ஓடின. ஒருவரும் கேட்கவில்லை. தோட்டம் மட்டும் பிய்த்துக்கொண்டு காய்த்தது. அவருக்குக் கத்தரிக்காய் ஆகாது, சாப்பிட்டால் உடம்பெல்லாம் அரிக்கும். அதனால் பஸ் முழுக்க விநியோகம். யாதகிரி வீட்டில் கத்தரிக்காய், ஜி.எம். வீட்டில் கத்தரிக்காய், என் வீட்டில் வாரத்தில் பாதி நாள் கத்தரிக்காய். என் பெண் இந்தியில் அழுதாள், “ஃபிர் சே பைங்கன்?”, மறுபடியும் கத்தரிக்காயா என்று.

அவர் ரிட்டயர் ஆக ஒரு வருஷம் இருக்கும்போது கம்பெனிக்கு ஒரு பெரிய ஆர்டர் வந்தது. இதுவரை செய்யாத நீளத்துக்குக் கொதிகலன். அதை ஏற்றிப் போகிற டிரெய்லர் அந்த வளைவில் திரும்பாது. சிவில் இன்ஜினியர் டேப்போடு வந்து, தோட்டத்தின் குறுக்கே அளந்து, நடுவில் சுண்ணாம்புக் கோடு போட்டார்.

கொண்டை ஊசி பர்ச்சேஸுக்கு ஓடிவந்தார். மூச்சு வாங்கியது.

“வந்துட்டானுவ தங்கச்சி. என் தோட்டத்தக் கேக்கப்போறானுவ.”

மறுநாள் கல்யாண கோட்டு மாட்டிக்கொண்டு வேலைக்கு வந்தார். கூப்பிட்டால் உடனே போய்ப் பேரம் பேச வேண்டாமா?

ஆனால் கூப்பிடுவதற்குள் எங்கள் பஸ்காரர்கள் முந்திக்கொண்டார்கள். பாவம் மனுஷர், பெற்ற பிள்ளை மாதிரி வளர்த்த தோட்டம், ரிட்டயர் ஆகிற நேரத்தில் புல்டோசர் விடலாமா? யாதகிரி தலைமையில், கேன்டீன் ஆட்கள், வெல்டர்கள், அக்கவுன்ட்ஸ் மூர்த்தி உட்பட ஒரு படையே ஜி.எம்.மைப் பார்க்கக் கிளம்பியது. நான் குறுக்கே நின்றேன்.

“வேண்டாம் யாதகிரி, எடுத்தா எடுத்துக்கட்டும் விடுங்க” என்றேன்.

“ஏன் மேடம்?”

ஏன் என்று எப்படிச் சொல்வது? சத்தியம் செய்திருக்கிறேனே. “ரோடு அகலமாகணுமில்ல” என்று முனகினேன். மொத்தக் கூட்டமும் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே. போன வாரம் இந்தம்மாவுக்குக் கத்தரிக்காய் கிடைக்கவில்லை, அந்த வயிற்றெரிச்சல் என்று மூர்த்தி பின்னால் சொன்னது என் காதிலேயே விழுந்தது.

ஜி.எம். வடநாட்டுக்காரர், நல்ல மனிதர், அதுதான் ஆபத்து. அவருக்கும் கத்தரிக்காய் பிடிக்கும். படையின் பேச்சைக் கேட்டு உருகிப்போய்த் தோட்டத்துக்கே நேரில் வந்தார். கோட்டோடு நின்ற நம்மவரின் கையைப் பிடித்துக்கொண்டு, உங்கள் தோட்டத்தில் ஒரு செடியைக்கூடத் தொடமாட்டோம், ரோட்டைச் சுற்றிக்கொண்டு போகச் சொல்லிவிட்டேன் என்று இந்தியில் சொன்னார். சுற்றி நின்றவர்கள் கைதட்டினார்கள்.

கொண்டை ஊசியின் முகம் செத்துவிட்டது.

“நஹி சாப், எடுத்துக்கிடுங்க. லே லோ சாப்” என்று கெஞ்சினார்.

“நோ நோ. யூ ஆர் டூ நோபிள்.”

“நோபிள் இல்ல சாப். லே லோ.” குனிந்து தானே ஒரு வெண்டைச் செடியைப் பிடுங்கிப் போட்டார். ஜி.எம். கண் கலங்கிப்போய் அதை எடுத்து மறுபடி நட்டார். நம்மவர் எவ்வளவு கெஞ்சினாரோ அவ்வளவு பெரிய மகானாகிக்கொண்டே போனார். வெல்டர் ஒருவர் காலில் விழாத குறை. கடைசியில் வேறு வழியில்லாமல் மனதில் இருந்ததைச் சொல்லியேவிட்டார்: தோட்டத்தை எடுத்துக்கொள்ளுங்கள், வளைவுக்கு மட்டும் என் பெயரை வையுங்கள்.

ஜி.எம். சிரித்துக்கொண்டே தோளில் தட்டினார். கம்பெனிக்குள் பெயர் வைப்பதென்றால் சேர்மன் குடும்பத்துப் பெயர்தான் வைக்கலாம், அதுதான் விதி. பெயர் எதற்கு, தோட்டம்தான் இருக்கிறதே என்றார்.

தோட்டம் மிஞ்சியது, பெயர் போனது. நான் அன்றைக்கு அவர் பக்கம் போகவே இல்லை. போனால் அழுதுவிடுவேன் போல இருந்தது. சாயங்காலம் பஸ்ஸில் அவர் யாரையும் சாயச் சொல்லவில்லை. டேங்க் பண்டில் ஜன்னலைத் திறக்கவில்லை. மூக்கைப் பொத்தியிருந்த ஆட்கள் என்ன ஆயிற்று என்று ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். மறுநாள் முதல் ஏறுவதும் இறங்குவதும் கேட்டிலேயே என்று வைத்துக்கொண்டு, அந்த வளைவு கண்ணில் படாமல் ஸ்டோர்ஸ் பின்பக்கமாக நடந்து போனார். தோட்டத்துக்கு யாதகிரிதான் தண்ணீர் விட்டார்.

புது ரோடு தோட்டத்தை ஒரு சுற்றுச் சுற்றிக்கொண்டு போட்டார்கள். போட்டு முடித்த பிறகுதான் சிவில் இன்ஜினியருக்கே உறைத்தது. முன்பு இருந்தது சாதாரண வளைவு. இப்போது தோட்டத்தின் மூன்று பக்கமும் ஓடி, போன வழியிலேயே திரும்பி வருகிறது சாலை. அசல் கொண்டை ஊசி வளைவு. டிரெய்லர்காரர்கள் முன்னும் பின்னுமாக ஏற்றி இறக்கி, பஞ்சாபியிலும் போஜ்புரியிலும் கம்பெனியையே திட்டிக்கொண்டு திரும்பினார்கள்.

அவருடைய கடைசி நாள் வந்தது. ரிட்டயர் ஆகிறவரை மாலையோடு பஸ்ஸின் முன் சீட்டில் உட்கார வைத்து, ஃபோர்ஜ் ஷாப் வழியாக ஒரு சுற்று வந்து வீட்டுக்குக் கூட்டிப் போவது எங்கள் வழக்கம். கேட்டிலேயே ஏறிக்கொள்கிறேன் என்று அடம்பிடித்தார், விடவில்லை. நான் அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன். பஸ் ஃபோர்ஜ் ஷாப்பைத் தாண்டியது. யாதகிரி கியரைக் குறைத்தார். திரும்பிப் பார்க்காமல், தினமும் சொல்கிற மாதிரி சாதாரணமாகச் சொன்னார்:

“கொண்டூசி ஒச்சிந்தி. பட்டுகோண்டி.”

கொண்டை ஊசி வந்துவிட்டது, பிடித்துக்கொள்ளுங்கள் என்று அர்த்தம். ஆபீசர்கள், வெல்டர்கள், ஸ்டெனோக்கள், அக்கவுன்ட்ஸ் மூர்த்தி எல்லோரும் இடப்பக்கம் சாய்ந்தார்கள். மூர்த்திகூடச் சரியாகச் சாய்ந்தார். நம்மவர் ஒருத்தர்தான் சாயவில்லை. கம்பியைப் பிடித்தபடி அப்படியே உட்கார்ந்திருந்தார்.

“இவன் என்ன சொல்லுதான் தங்கச்சி?”

“வளைவு பேரைச் சொல்றாரு சார்.”

“யாரு வச்சது?”

“யாரும் வைக்கல சார். கொண்டை ஊசி தோட்டம், கொண்டை ஊசி தோட்டம்னு சொல்லிச் சொல்லி இப்படி ஆயிப்போச்சு. டிரெய்லர்காரன் வழி கேட்டாக்கூட, கொண்டூசி கே பாத் லெஃப்டுன்னுதான் செக்யூரிட்டி சொல்றான்.”

அந்தப் பெயரைச் சொன்னால் திரும்பாத மனிதர். நான் பயந்துகொண்டுதான் பார்த்தேன். அவர் மாலையின் நுனியால் தலையைத் துடைத்தார், பிறகு கண்ணைத் துடைத்தார்.

“அந்தத் தோட்டக்காரனுக்கும் பட்டப்பேரத்தான் வச்சானுவ” என்றார்.

கொஞ்ச நேரம் கழித்து எழுந்து நின்றார். யாதகிரியின் தோளைத் தொட்டு, “இன்னொரு ரவுண்டு போவமா?” என்று கேட்டார். யாதகிரி ஸ்டியரிங்கை ஒடித்தார். அன்றைக்கு எங்கள் பஸ் அந்தக் கத்தரித் தோட்டத்தை எத்தனை தடவை சுற்றியது என்று யாரும் எண்ணவில்லை. ஒவ்வொரு தடவையும் அவர் நின்றுகொண்டு கத்தினார், நாங்கள் சாய்ந்தோம்.

இப்போது அவர் விசாகப்பட்டினத்தில் பெண் வீட்டில் இருக்கிறார். பால்கனியில் நின்றால் நிஜக் கடல். சந்தோஷமா சார் என்று போனில் கேட்டால், “எங்க தங்கச்சி, இங்க பீச் ரோடு நேராப் போவுது” என்று குறைப்படுகிறார். பிறகு மறக்காமல் கேட்கிறார், “வளைவு எப்படி இருக்கு?”

போன வாரம் ஒடிசாவிலிருந்து ஒரு பெண் புதிதாக வேலைக்குச் சேர்ந்தாள். பஸ்ஸில் என் பக்கத்து சீட். யாதகிரி குரல் கொடுத்ததும் எல்லோரும் சாய்வதைப் பார்த்து மிரண்டு போய், “கொண்டூசின்னா என்ன மேடம்? தெலுங்கா, தமிழா?” என்று ஆங்கிலத்தில் கேட்டாள்.

பெண்கள் தலையில் செருகுகிற சாதாரண ஊசி. ஒரு வார்த்தையில் சொல்லிவிடலாம். எனக்கு மனம் வரவில்லை.

“அது ஒரு மனுஷர் பேரும்மா” என்றேன்.